இருவருக்கும் சேர்த்து ஒரு பரிசோதனை

பெரியவள் ஓரிடத்துக்குப் போய்விட்டு வந்தால் சின்னவளும் போய்விட்டு வந்த மாதிரிதான். அந்த வீட்டு வழக்கம் அது. வங்கி, வரி அலுவலகம், மின்கட்டணம் என்று வரிசையில் நிற்க வேண்டிய இடங்களுக்கெல்லாம் பெரியவள் போவாள். கல்யாணம், சாவு, பிறந்தநாள் என்று சிரிக்கவோ மூக்கைச் சிந்தவோ வேண்டிய இடங்களுக்குச் சின்னவள் போவாள். செருப்பு வாங்க யாராவது ஒருத்தி போனால் போதும், இருவருக்கும் ஒரே கால் அளவு. ஒருமுறை பெரியவள் கண்ணைப் பரிசோதித்துக் கண்ணாடி வாங்கி வந்தாள். சின்னவள் அதை மாட்டிப் பார்த்து, எனக்கும் நன்றாகத்தான் தெரிகிறது என்று அடுத்த வாரமே அதே பவரில் ஒன்று வாங்கிக்கொண்டாள். அவளுக்குத் தலைவலி வந்தது. புதுக் கண்ணாடி என்றால் பழகும்வரை அப்படித்தான் இருக்கும் என்று இருவரும் கூடிப் பேசி முடிவு செய்தார்கள். யார் போய்ச் சொல்வது இவர்களிடம்?

பிழைப்புக்கு இருவரும் பல் செய்தார்கள். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். இவர்கள் அதில் பிளாஸ்டர் ஊற்றித் தாடையை வார்ப்பார்கள், மெழுகில் ஈறு கட்டுவார்கள், பல்லை ஒவ்வொன்றாக நட்டு, செட்டாக்கித் திருப்பி அனுப்புவார்கள். வீட்டின் முன்னறைதான் பட்டறை. ஜன்னலோரம் பெரியவளின் மேசை, மெருகேற்றும் மோட்டாருக்குப் பக்கத்தில் சின்னவளின் மேசை. சுவரலமாரி முழுக்க யார் யாருடைய தாடைகளோ வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். சின்னவள் சும்மா இருக்க மாட்டாள். இரண்டு தாடைகளை எடுத்து மாமியார் மருமகள் சண்டை போட வைப்பாள். பெரியவள் சிரித்துச் சிரித்து மெழுகைக் கோணலாக வெட்டிவிட்டு, வேலையைக் கெடுக்காதே என்று அதட்டுவாள்.

இந்த ஒட்டுதல் அம்மா போனபிறகு வந்தது. அம்மாவுக்கு மார்பில் புற்றுநோய் வந்தபோது சின்னவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். மருந்துக்கும் ரத்தத்துக்கும் வரிசையில் நின்றவள் பெரியவள். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தவள் சின்னவள். அம்மா போன அன்றைக்கு ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்தவள், பிறகு ஒரு காய்ச்சலுக்குக்கூட அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அக்கா போய் மாத்திரை வாங்கி வந்தால் விழுங்குவாள், அவ்வளவுதான்.

பல வருஷம் கழித்துச் சித்திக்கும் அதே நோய் வந்தது. சித்தியின் ரத்தத்தைச் சோதித்த ஆஸ்பத்திரிக்காரர்கள், இது பரம்பரையாக வரும் மரபணுக் கோளாறு, கூடப்பிறந்தவளின் பிள்ளைகளும் சோதித்துக்கொள்வது நல்லது என்று சொல்லி அனுப்பினார்கள். சின்னவள் அதைக் கேட்டு முகம் வெளுத்துப்போனாள். கல்யாணமாகி மூன்று வருஷமாகியும் அவள் குழந்தை வேண்டாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருந்ததற்குக் காரணமே இதுதான். தன்னைப்போல ஒரு பெண்ணைப் பெற்று, அதையும் பாதியில் விட்டுவிட்டுப் போவதா என்று அவளுக்கு பயம். பேருந்து ஓட்டுகிற அவள் புருஷன் வாயில்லாப் பூச்சி, உன் இஷ்டம் என்று விட்டுவிட்டான்.

"நீ போய்ட்டு வாக்கா. உனக்கு என்னவோ அதுதானே எனக்கும்," என்றாள் சின்னவள். பெரியவளுக்கும் அது சரியாகவே பட்டது. பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ரத்தம் கொடுத்துவிட்டு வந்து, முடிவு தெரிந்துகொள்ள மறுபடி போனபோது, மரபணு ஆலோசகர் என்று பலகை மாட்டியிருந்த சின்ன அறைக்குள் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பெரியவளைவிட வயதில் இளையவள், பேச்சில் அவசரமில்லாதவள். உங்களுக்கு அந்தக் கோளாறு இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டு, பிறகு பொறுமையாக விளக்கினாள். நம் உயிரணுக்களுக்குள் இருக்கும் டி.என்.ஏ. தினமும் அங்கங்கே உடைந்துகொண்டுதான் இருக்குமாம். அதைச் சரிசெய்வதற்கென்றே சில மரபணுக்கள் இருக்கின்றனவாம். அதில் ஒன்று பிறக்கும்போதே பழுதாக இருந்தால், உடைசல்கள் சரியாகாமல் சேர்ந்துகொண்டே போய், மற்றவர்களைவிடப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிகவும் கூடிவிடுமாம். வந்தே தீரும் என்பதில்லை, ஆனால் அசட்டையாக இருக்க முடியாது என்றாள்.

பெரியவள் பாதிக்கு மேல் காதில் வாங்கவில்லை. இல்லை என்ற ஒரு சொல்லைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள். அப்போதுதான் அந்தப் பெண் உட்காருங்கள் என்றாள்.

"இது உங்களுக்கு மட்டும்தாங்க. அம்மாகிட்ட நல்லது ஒண்ணு, பழுதானது ஒண்ணு, ரெண்டும் இருந்திருக்கும். உங்களுக்கு நல்லது வந்திருக்கு. உங்க தங்கச்சிக்கு எது வந்திருக்கும்னு உங்க ரத்தத்தை வச்சுச் சொல்ல முடியாது. அவங்க தனியா வரணும். கட்டாயம் வரச் சொல்லுங்க."

பெரியவள் தலையாட்டினாள். இருந்தால் என்ன செய்வீர்கள் என்றுகூடக் கேட்டாள். வருஷா வருஷம் ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம், வந்தாலும் ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துவிடலாம், இன்னும் சில வழிகளும் இருக்கின்றன என்று அந்தப் பெண் சொன்னாள். நீங்களே தங்கையிடம் பேசிவிடலாமே என்று பெரியவள் கேட்டதற்கு, அவர்களாக வராமல் நாங்கள் கூப்பிட விதி இல்லை, நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றாள். எல்லாம் தெளிவாகத்தான் இருந்தது. விளங்கவில்லை என்று பின்னால் சாக்குச் சொல்ல இடமே இல்லாத அளவுக்குத் தெளிவு.

வீட்டுக்கு வந்தபோது சின்னவள் பட்டறையைப் பாதியில் போட்டுவிட்டு வாசலில் நின்றாள். கையெல்லாம் பிளாஸ்டர். அக்காவின் முகத்தைப் பார்த்தே, என்னாச்சு என்று கேட்கக்கூட பயந்து நின்றாள்.

"ஒண்ணும் இல்லையாம்," என்றாள் பெரியவள்.

அடுத்த வாக்கியத்தையும் சொல்லத்தான் இருந்தாள். ஆனால் சின்னவள் அப்படியே அவள்மேல் சாய்ந்து, தோளில் பிளாஸ்டர் அப்ப, விம்மி விம்மி அழ ஆரம்பித்துவிட்டாள். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை அது. அழுது ஓய்ந்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இனிமே தைரியமா ஒரு குழந்தை பெத்துக்கலாம்க்கா," என்றாள். அந்த முகத்தைப் பார்த்து, இரு, உனக்குத் தனியாகப் பார்க்க வேண்டுமாம் என்று சொல்ல எந்த அக்காவுக்கு வாய் வரும்? வந்திருக்க வேண்டும். வரவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று பெரியவள் வாயில் இருந்ததை மென்று விழுங்கினாள்.

நாளை என்பது ஒரு பொல்லாத நாள். அடுத்த வாரம் ஒரு டாக்டர் அவசரமாக நான்கு செட்டு கேட்டார். அதற்கடுத்து சின்னவளுக்குச் சளி. அப்புறம் ஒரு காலை வேளையில் சின்னவள் மெழுகு வாசனை குமட்டுகிறது என்று எழுந்து ஓடினாள். வயிற்றுப்பிள்ளைக்காரியிடம் போய் இதைச் சொல்வதா என்று பெரியவள் தள்ளிப்போட்டாள். பிரசவத்துக்குக்கூட ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டேன் என்று அடம்பிடித்தவளைக் கெஞ்சிக் கூத்தாடி அழைத்துப்போகவே போதும் போதும் என்றாகிவிட்டது. பெண் குழந்தை பிறந்தது. வீடு முழுவதும் அதைக் குட்டி என்று கூப்பிட்டது. பால் கொடுக்கிறவளிடம் எப்படிச் சொல்வது? தூக்கம் இல்லாமல் கிடக்கிறவளிடம் எப்படிச் சொல்வது? பிறகு குட்டி நடந்தது, பேசியது, அலமாரித் தாடைகளுக்குச் சோறு ஊட்டியது. நாக்கு நுனி வரை வந்த விஷயம் மெல்ல மெல்லத் தொண்டைக்குள் இறங்கி, வயிற்றுக்குள் போய், இருக்கிற இடம் தெரியாமல் உட்கார்ந்துவிட்டது. சில சமயம் பெரியவளுக்கே தோன்றும், ஒருவேளை இருவருக்குமே இல்லாமல் இருக்கலாமே என்று. பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். அந்த நல்ல பாதியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு அவள் காலத்தை ஓட்டினாள்.

குட்டிக்கு மூன்று வயது முடிந்தபோது சின்னவளின் புருஷன் ஒருநாள் பெரியவளைத் தனியாகக் கூப்பிட்டு, இவளுக்கு மார்பில் ஒரு கட்டி இருக்கிறது, எத்தனையோ மாசமாக இருக்கிறது போலிருக்கிறது, கேட்டால் சிரிக்கிறாள், நீங்கள் சொன்னால் கேட்பாள் என்றான். பெரியவள் அப்படியே பட்டறைக்கு ஓடினாள். சின்னவளிடம் போனால் அவள் மோட்டாரை நிறுத்தாமலே, பால் கட்டியிருக்கும்க்கா என்றாள். பால் நிறுத்தி எத்தனை காலம் ஆகிறது என்று பெரியவள் கத்தினாள்.

"எதுக்கு இப்படிப் பதறுற? நமக்குத்தான் அது இல்லையே. நீதானே போய் பாத்துட்டு வந்த," என்றாள் சின்னவள்.

அந்த இடத்திலாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் மளமளவென்று நடந்தது. ஊசி வைத்துச் சதை எடுத்தார்கள். புற்றுநோய்தான் என்றார்கள். அக்குளில் நெறி கட்டியிருக்கிறது, அங்கேயும் பரவியிருக்கிறது என்றார்கள். அறுவை சிகிச்சை செய்தார்கள், மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். கொஞ்சம் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்று டாக்டர் ஒருமுறை கேட்டார். கேட்டது சின்னவளை, தலைகுனிந்தது பெரியவள். அம்மாவுக்கும் சித்திக்கும் இருந்ததால் மரபணுவையும் பார்த்துவிடலாம் என்று ரத்தம் எடுத்தார்கள். அம்மாவிடமிருந்த அந்தப் பழுதானது சின்னவளிடம் இருந்தது.

சின்னவள் முதலில் நம்பவில்லை. அக்காவுக்கு இல்லாதது எனக்கு எப்படி வரும் என்று டாக்டரிடமே வாதாடினாள். அவர் விளக்கிச் சொன்னதும் அவளுக்குக் கோபம் வந்தது. கோபம் அக்காமேல் இல்லை, அதுதான் கொடுமை. அன்றைக்கு அக்காவைச் சோதித்த அந்த ஆலோசகர்மேல். தங்கையும் வர வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் ஓடி வந்திருக்க மாட்டேனா, சம்பளம் வாங்கிக்கொண்டு தூங்கினாளா என்று வீட்டில் எந்நேரமும் அதே பேச்சு. அவளை நாலு பேர் முன்னால் கேட்காமல் விடப்போவதில்லை, மேலிடத்தில் புகார் கொடுக்கப்போகிறேன் என்றாள். முடியெல்லாம் கொட்டி, தலையில் துணி கட்டிக்கொண்டு, சாப்பிட்டது எதுவும் தங்காமல் கிடந்தவளுக்கு அந்தக் கோபம் ஒன்றுதான் தெம்பு. அந்தத் தெம்பைப் பிடுங்குவதா என்று பெரியவள் அப்போதும் தனக்கு ஒரு சாக்கு கண்டுபிடித்தாள். சாக்கு கண்டுபிடிப்பதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை.

அதே ஆலோசகரைப் பார்க்க அவர்களுக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். பெரியவள் வராமல் இருக்க என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். நீ சாட்சிக்கு வேண்டும் என்று சின்னவள் இழுத்துக்கொண்டு போனாள்.

அதே சின்ன அறை. நாற்காலிகள்தான் மாறியிருந்தன. அந்தப் பெண் பெரியவளை அடையாளம் கண்டுகொண்டது அவள் கண்ணிலேயே தெரிந்தது. சின்னவள் உட்காரவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றபடி, குரலை உயர்த்தத் தெம்பில்லாமல், மெதுவாகக் கேட்டாள்.

"எங்க அக்கா வந்தப்ப, எனக்கும் தனியா பாக்கணும்னு ஏன் நீங்க சொல்லல? சொல்லியிருந்தா இன்னைக்கு நான் இப்படி நிப்பேனா? எனக்கு மூணு வயசுல ஒரு பொண்ணு இருக்கா."

அந்தப் பெண் பெரியவளைப் பார்த்தாள். குற்றம் சாட்டுகிற பார்வை இல்லை அது. சொல்லப்போகிறீர்களா, இல்லை நான் ஏற்றுக்கொள்ளட்டுமா என்று கேட்கிற பார்வை. பெரியவள் தரையைப் பார்த்தாள். அந்தப் பெண், இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம், உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஆரம்பித்தாள். முன்பின் தெரியாத ஒருத்தி, செய்யாத தப்புக்கு, தன் வேலையையே பணயம் வைத்து மன்னிப்புக் கேட்டாள். பெரியவளால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"சொன்னாங்க," என்றாள்.

சின்னவள் திரும்பிப் பார்த்தாள்.

"என்கிட்ட சொன்னாங்க. நீ தனியா வரணும், கட்டாயம் வரணும்னு சொன்னாங்க. நான்தான் உன்கிட்ட சொல்லல."

சின்னவள் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு அந்தப் பெண்ணிடம், என்னை மன்னிச்சிடுங்க என்றாள். அக்காவிடம் ஒன்றும் சொல்லவில்லை. குட்டிக்கு எப்போது பார்க்க வேண்டும் என்று கேட்டாள். இப்போது வேண்டாம், வளர்ந்து பெரியவளானபிறகு அவளே முடிவு செய்யட்டும், அதுவும் பாதிக்குப் பாதிதான் என்று அந்தப் பெண் சொன்னாள். வீடு திரும்பும் வழியில் சின்னவள் வாடகை வண்டியின் முன் இருக்கையில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பெரியவள் பின்னால் தனியாக உட்கார்ந்து அவள் தலைத்துணியின் முடிச்சைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அதற்குப்பின் சின்னவள் பேசவில்லை. சண்டை போட்டிருந்தால் பெரியவள் பிழைத்திருப்பாள். சின்னவள் சண்டை போடவில்லை. கஞ்சி கொடுத்தால் வாங்கிக் குடித்தாள். மருந்து ஏற்றிக்கொள்ள மட்டும் புருஷனுடன் போனாள், அக்கா கிளம்பி வாசல்வரை வந்து நின்றால் கதவைச் சாத்திவிட்டுப் போனாள். பெரியவள் ஜன்னலோரம் உட்கார்ந்து யாருடைய பல்லையோ நட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு வந்திருக்கக் கூடாதா, புருஷனா பிள்ளையா, நான் போனால் யாருக்கு என்ன என்று நினைத்து நினைத்துக் குமைந்தாள். அந்த நினைப்பு உண்மைதான். ஆனால் யாருக்கும் உபயோகமில்லாத உண்மை.

ஒருநாள் பிற்பகல், குட்டி தூங்கிக்கொண்டிருந்தபோது, சின்னவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து பட்டறைக்கு வந்தாள். தன் மேசைமேல் படிந்திருந்த தூசியை விரலால் துடைத்தாள். அலமாரியிலிருந்து ஒரு தாடையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அக்கா வாய்ல அச்செடுத்து தங்கச்சிக்குப் பல் கட்டுவோமா நாம?" என்று கேட்டாள். "அந்த டாக்டருங்க அப்படிக் கேட்டா விழுந்து விழுந்து சிரிப்போம். ஆனா நானும்தான் உன்னை அனுப்பினேன். நானும் ஒரு மடச்சி."

நீ இல்லை, நான்தான் என்று பெரியவள் சொல்ல வந்தாள். சின்னவள் கையமர்த்தினாள்.

"பேசாத. நான் பேசி முடிச்சிடறேன். நீ அன்னைக்கே சொல்லியிருந்தா நான் டெஸ்ட் எடுத்திருப்பேன். இருக்குன்னு தெரிஞ்சிருக்கும். குழந்தை வேண்டாம்னு இருந்திருப்பேன். குட்டி பொறந்திருக்க மாட்டா." மூச்சு வாங்கியது, நிறுத்தினாள். "அதனால உன்னை மனசாரத் திட்டக்கூட முடியல என்னால. திட்ட ஆரம்பிச்சா அவ மூஞ்சி வந்து நிக்குது. அதுதான்க்கா எனக்கு ஆத்திரமே."

பெரியவள் கையிலிருந்த மெழுகு கத்தியை மேசைமேல் வைத்தாள். என்னவென்று மன்னிப்புக் கேட்பது? எதை மன்னிக்கச் சொல்வது? மாசக்கணக்கில் கட்டியை வளரவிட்டதையா, குழந்தையைப் பிறக்கவிட்டதையா?

சின்னவள் அவளுக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். டாக்டர் எதுவும் உறுதியாகச் சொல்லவில்லை, உனக்கும் தெரியும் என்றாள். நான் இருந்தால் குட்டி வளர்ந்தபிறகு நானே சொல்லிக்கொள்வேன் என்றாள்.

"இல்லன்னா நீதான் சொல்லணும். அவ அப்பாவால முடியாது, அவர் அழுதுடுவார். நீ சொல்லணும். முழுசா சொல்லணும். என்கிட்ட பண்ண மாதிரி பாதியில விட்டுட்டு நாளைக்குன்னு போகக் கூடாது."

"சொல்றேன்," என்றாள் பெரியவள்.

"உன்னை நம்ப முடியாது. இப்ப சொல்லு. நான்தான் குட்டின்னு வச்சுக்க. பெரிய பொண்ணாயிட்டேன். சொல்லு, கேக்கிறேன்."

விளையாடுகிறாளா என்று பெரியவள் முகத்தைப் பார்த்தாள். சின்னவள் விளையாடவில்லை. மடியில் கையைக் கட்டிக்கொண்டு, பாடம் கேட்க வந்தவளைப்போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். புருவமெல்லாம் கொட்டிப்போன அந்த முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டு பெரியவள் ஆரம்பித்தாள்.

"குட்டி, நம்ம குடும்பத்துல பரம்பரையா ஒரு கோளாறு இருக்கு. அது எனக்கு இல்ல. உங்க அம்மாவுக்கு இருந்தது. எனக்குத் தெரிஞ்சதை நான் அவகிட்ட..."

அதற்குமேல் வரவில்லை. உடைந்துபோய் மேசைமேல் கவிழ்ந்து அழுதாள். அலமாரியில் தாடைகள் அதிர, தோள் குலுங்கக் குலுங்க அழுதாள். சின்னவள் எழுந்து வந்து அணைக்கவில்லை. இருந்த இடத்திலேயே இருந்து, அவள் ஓயும்வரை பொறுத்திருந்தாள்.

"அழாம சொல்லுக்கா," என்றாள் பிறகு. "அவ பயந்துடுவா."

பெரியவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.